டிரிபிள் லாக்: மும்மடங்குப் பூட்டா, முப்பூட்டா?

ஐரோப்பியப் பாதுகாப்புக் கொள்கை பற்றிய பேச்சில் அயர்லாந்து வந்தால், கூடவே ‘டிரிபிள் லாக்’ என்ற சொல்லும் வந்துவிடும். இதை ‘மும்மடங்குப் பூட்டு’ என்று பெயர்த்தால் தவறு. ஒரே பூட்டு மூன்று மடங்கு வலுவாக இருக்கிறது என்று பொருளாகிவிடும். இங்கே இருப்பது மூன்று தனித்தனிப் பூட்டு, சாவிகளும் வேறு வேறு கையில். 12 பேருக்கு மேற்பட்ட படைப்பிரிவை அமைதிப் பணிக்கு வெளிநாடு அனுப்ப, அரசு முடிவெடுக்க வேண்டும், நாடாளுமன்றக் கீழவை ஒப்ப வேண்டும், ஐ.நா. ஆணையும் இருக்க வேண்டும்.

விதி பழையது. காங்கோவுக்குப் படை அனுப்பிய 1960ஆம் ஆண்டிலேயே அதற்கான சட்டம் வந்துவிட்டது. பெயர்தான் புதிது. 2001 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். ராணுவக் கூட்டணிகளில் சேராத தங்கள் நடுநிலை பறிபோய்விடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். அந்த அச்சத்தைப் போக்க 2002 ஜூனில் ஸ்பெயினின் செவில் நகரில் அயர்லாந்து அரசு ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்த மூன்று நிபந்தனைகளையும் உறுதி செய்தது. அந்த அக்டோபரில் நடந்த மறு வாக்கெடுப்பில் ஒப்பந்தம் வென்றது, ‘டிரிபிள் லாக்’ என்ற பெயரும் நிலைத்தது.

மூன்றாவது சாவியில்தான் சிக்கலே. நடைமுறையில் அது ஐ.நா. பாதுகாப்பு அவையின் கையில், அதாவது வீட்டோ எனும் தடுப்பதிகாரம் உள்ள ஐந்து நாடுகளின் கையில். மாசிடோனியாவில் இருந்த ஐ.நா. படையின் நீட்டிப்பை 1999இல் சீனா வீட்டோவால் தடுத்தது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் முதல் ராணுவப் பணியை அதே நாட்டில் தொடங்கியபோது, ஐ.நா. ஆணை இல்லாததால் அயர்லாந்து சேரவில்லை. 1958 முதல் அமைதிப் பணியில் இருக்கும் நாடு அது! அப்படிப்பட்ட நாடு வெளியே நிற்க நேர்ந்ததை எண்ணினால் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தச் சாவிதான் நடுநிலைக்குக் காவல் என்று நம்புகிறவர்களின் அச்சமும் பொய்யல்ல. மூன்றாவது பூட்டை நீக்கும் சட்ட வரைவுக்கு 2025 மார்ச்சில் அமைச்சரவை இசைந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? முப்பால், முக்கனி போல ‘முப்பூட்டு’ என்பதே என் தேர்வு. எண்ணிக்கையும் தெளிவு, உருவகமும் கெடவில்லை. உருவகம் வேண்டாத சட்ட நடைக்கு ‘மூவிசைவு விதி’ எனலாம். ‘முத்தரப்பு ஒப்புதல்’ வேண்டாம், மூன்று தரப்பும் கூடிப் பேசி உடன்பட்டதாக ஒலிக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். பிரிட்டன் செய்திகளில் ‘டிரிபிள் லாக்’ என்ற இதே சொல் அரசு ஓய்வூதிய உயர்வு விதியைக் குறிக்கும். ஊதிய உயர்வு, விலைவாசி உயர்வு, 2.5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஓய்வூதியம் கூடும். அங்கே ‘ஓய்வூதிய உயர்வு உத்தரவாதம்’ என்றே எழுதலாம்.