பெட்ராவின் சீக்: காட்டாற்று வழி நகரவாசல் ஆனது எப்படி?

ஜோர்டானின் தெற்கில் உள்ள, பாறையில் செதுக்கிய பழங்கால நகரமான பெட்ராவுக்குள் போகும் முக்கிய வழி, சீக் எனப்படும் 1.2 கிலோமீட்டர் நீளப் பாறையிடுக்கு. சில இடங்களில் அகலம் 3 மீட்டர்தான். இருபக்கச் சுவர்களோ 80 மீட்டர் வரை உயர்கின்றன. உள்ளே நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள். சுவரின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். இந்த நகரம் பாலைவனத்தில் பிழைத்த விதம் அங்கேதான் வெட்டப்பட்டிருக்கிறது.

சீக்கை முதலில் உருவாக்கியது தண்ணீர் அல்ல. நிலத்தட்டு அசைவுகளால் மணற்கல் மலை விண்டு பிளந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் பாறை வரிகள் பல இடங்களில் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காணலாம். பிறகுதான் வாடி மூசா ஓடையின் வெள்ளம் அதற்குள் புகுந்து, கூர்முனைகளை மழுக்கியது. ஆகவே நாம் நடப்பது ஓர் ஓடைப் படுகையில்.

ஆண்டு மழை ஏறத்தாழ 150 மில்லிமீட்டர்தான். ஆனால் அது சில மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மொட்டைப் பாறை எதையும் உறிஞ்சாது. 30 மீட்டர் அகலத்தில் அரை மீட்டர் ஆழத்துக்கு ஓடிவரும் நீர், அதே வேகத்தில் 3 மீட்டர் இடுக்குக்குள் புகுந்தால் 5 மீட்டர் உயரத்துக்கு எழும். வேகம் கூடினால் உயரம் சற்றுக் குறையும், ஆனால் இழுத்துச் செல்லும் விசை பெருகும்.

பெட்ராவை உருவாக்கிய பண்டைய அரபு மக்களான நபாட்டியர்கள் இந்த வெள்ளத்துக்குக் கண்ட தீர்வு எளிமையானது, துணிச்சலானது. சீக்கின் வாயிலில் அணை கட்டி ஓடையை மறித்தார்கள். வலப்பக்கப் பாறையைக் குடைந்து 88 மீட்டர் நீளச் சுரங்கம் அமைத்தார்கள். வெள்ளம் அதன் வழியே வாடி மத்தாஹா என்ற பள்ளத்தாக்குக்குத் திரும்பி, குப்தா மலையைச் சுற்றிக்கொண்டு நகரின் நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. பக்கவாட்டிலிருந்து சீக்குக்குள் விழும் சிற்றோடைகளுக்கும் தனித்தனியே தடுப்பணைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே எதிரி வண்டல். தூர்வாராத அணையில் மணல் நிரம்பிவிடும். அடுத்த வெள்ளம் அதன் மேலேறிக் குதிக்கும். பழைய அணை பாழடைந்து கிடந்த காலத்தில், 1963 ஏப்ரலில், சீக்குக்குள் பாய்ந்த வெள்ளத்தில் 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அணை மீண்டும் கட்டப்பட்டது.

வெள்ளத்தை வெளியே தள்ளிய அதே மக்கள், குடிநீரைச் சீக் வழியாகவே உள்ளே கொண்டுவந்தார்கள். நகருக்குக் கிழக்கே உள்ள ஐன் மூசா ஊற்றுதான் முக்கிய ஆதாரம். உள்ளே போகும்போது இடச்சுவரில் பாறையில் வெட்டிய வாய்க்கால் தெரியும். அதில் ஆங்காங்கே உள்ள சிறு தொட்டிகளில் நீர் வேகம் குறைந்து, மண் அடியில் தங்கும். வலச்சுவரில் சுடுமண் குழாய்கள்: ஒன்றின் முனை அடுத்ததன் வாயில் செருகப்பட்டு, சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கப்பட்டிருக்கும். இத்தகைய குழாய்த்தொடரின் பலவீனம் இணைப்புகள்தான். குழாய் நிரம்பி அழுத்தத்தோடு ஓடினால் சாந்து கசியும். மேற்புறம் காற்றிருக்க, பாதி நிறைந்து சரிவில் ஓடினால் கசிவு குறையும். சரிவை அளந்து வெட்டியவர்களின் திறமை இதில்தான் இருக்கிறது. எனக்கு முகப்புச் சிற்பங்களைவிட இந்தக் குழாய்த்தடமே பெரிய வியப்பு.

சீக் முடியுமிடத்தில் திடீரெனத் தெரியும், பாறையில் குடைந்த கல்லறை மாளிகையான அல் கஸ்னேயின் முகப்பு சுமார் 39 மீட்டர் உயரம், 25 மீட்டர் அகலம். மேலிருந்து கீழாகச் செதுக்கியதால் உடைகல், முடிந்த வேலையின் மேல் விழவில்லை. மலைக்குள் உள்வாங்கி வெட்டியதால் மழையும் காற்றும் நேராக அறைவதில்லை. அது இவ்வளவு கூர்மையாக நிற்க அதுவே காரணம். பெட்ராவின் பல முகப்புகளில் அடிப்பகுதிதான் அதிகம் அரித்திருக்கும். நிலத்தின் ஈரம் பாறைக்குள் ஏறி ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு துளைகளுக்குள் படிகமாகி மணல்மணிகளைப் பிதுக்கித் தள்ளுகிறது. சுவரில் கை வைத்துத் தேய்த்தால் மணல் உதிர்வதும் இதனால்தான், தயவுசெய்து தொடாதீர்கள்.

போகிறவர்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை நம்பக் கூடாது. கிழக்கு மலைகளில் மழை பெய்தாலே போதும். 2018 நவம்பரிலும் ஆயிரக்கணக்கான பயணிகளை அவசரமாக வெளியேற்ற நேர்ந்தது. மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தை மறுநாளைக்கு மாற்றுங்கள். உள்ளே இருக்கும்போது இரைச்சலோ கலங்கல் நீரோ வந்தால், நீரோட்டத்தின் திசையில் ஓடித் தப்ப நினைக்காதீர்கள். அருகிலுள்ள மேடான இடத்தில் உடனே ஏறிவிடுங்கள். திரும்பும் வழி முழுக்க ஏற்றம் என்பதால், தண்ணீரில் பாதியை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.