கேனன்: மூலமும் மிகையும்

அனிமேஷன் படங்களில் ஊறிய பிள்ளைகள் பேசிக்கொள்ளும்போது ‘அது கேனன் இல்லை’ என்று அடிக்கடி சொல்வார்கள். கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கற்பனை உலகத்துக்குள் எதெல்லாம் நிஜமாக நடந்தது என்று கொள்ள வேண்டுமோ, அதுதான் கேனன். படம் சொல்லாமல் விட்டதை ரசிகர் தன் மனதுக்குள் நிரப்பிக்கொண்டால் அது ஹெட்கேனன்.

சொல்லின் வேர் நாணல். செமித்திய மொழிகளிலிருந்து கிரேக்கத்துக்குப் போன சொல் இது. நேரான தண்டு என்பதால் அளவுகோல் ஆயிற்று, கோல் விதியாயிற்று, பிறகு கிறிஸ்தவ சபை ஏற்றுக்கொண்ட வேதநூல்களின் பட்டியலுக்குப் பெயராயிற்று. (பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே நாணலின் உள்துளையிலிருந்து வந்ததுதான்.) 1911இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய எழுத்தாளர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வேத ஆராய்ச்சிக்காரர்களின் பாணியில் விளையாட்டாக அலசி ஒரு கட்டுரை படித்தார். அந்த வழியில் ஹோம்ஸ் ரசிகர்களிடம் ஒட்டிக்கொண்ட சொல், இன்று எல்லா ரசிகர்களுக்கும் பொதுவாகிவிட்டது.

சண்டை எங்கே வருகிறது என்பதற்கு ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் ‘டோட்டோரோ’ (1988) நல்ல உதாரணம். இரண்டு சிறுமிகள் டோட்டோரோ என்ற காட்டு ஆவியோடு சிநேகமாகும் கதை. கடைசிக் காட்சிகளில் அக்கா சத்சுகிக்கும் தங்கை மேய்க்கும் நிழல் இல்லை. ஆகவே இருவரும் செத்துவிட்டார்கள், டோட்டோரோதான் எமன் என்று ஒரு பேச்சு கிளம்பிப் பரவியது. 2007இல் படத்தை எடுத்த ஜிப்லி ஸ்டூடியோவே மறுத்தது: நிழல் தேவைப்படவில்லை, வரையவில்லை, அவ்வளவுதான். லீவுக்குக் காரைக்குடி வந்திருந்த என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். வளவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: “அந்த மறுப்பு படத்துல வருதா மாமா?”

நியாயமான கேள்விதான். படைத்தவர் வெளியே வந்து பேசியது படைப்பில் சேருமா?

இந்த மாதிரி விவகாரம் காரைக்குடிக்குப் புதிதில்லை. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. பட்டிமன்றத்துக்குப் பேர்போன ஊர். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் தொடாமல், குடிலோடு நிலத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறான். இரண்டில் எது நடந்தது? கம்பன் ரசிகர் அசரமாட்டார். அது முதல்நூல், இது வழிநூல் என்று முடித்துவிடுவார். நாவலிலிருந்து படம் விலகிவிட்டது என்று புலம்பும் ரசிகர்கள் இந்த இரண்டு சொல்லையும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

அதைவிட ருசியானது மிகைப்பாடல். கம்பன் எழுதியிருக்க மாட்டான் என்று பதிப்பாசிரியர்கள் கருதிய செய்யுள்களைப் பதிப்புகளில் தனியாகப் பிரித்து அச்சிடுவார்கள். ரசிகமணி டி.கே.சி. அதோடு நிற்கவில்லை. தன் ரசனைக்குக் கம்பனாகப் படாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், புலவர்கள் கொதித்தார்கள். அச்சு அசல் கேனன் சண்டை.

சரி, தமிழில் என்ன சொல்வது? திருமுறை என்றால் பொருளில் பொருந்தும். ஆனால் சைவத்தின் பன்னிரு திருமுறை நினைவுக்கு வந்துவிடும், கார்ட்டூனுக்கு விபூதி பூசின மாதிரி இருக்கும். என் ஓட்டு ‘மூலம்’ என்பதற்கே. ‘மூலத்தில் இருக்கா?’ என்று கேட்டால் யாருக்கும் புரியும். மூலத்தில் சேராதது மிகை.

ஹெட்கேனனுக்கு நன்னூலிலேயே இடம் உண்டு. நூல் எழுதுகிறவர் கொள்ளும் நிலைப்பாடுகளை அது மதம் என்கிறது. அப்படிச் சொல்லும் ஏழு மதங்களில் கடைசி, ‘பிறிதொடு படாஅன் தன்மதம் கொளல்’. பிறர் கருத்தோடு சேராமல் தன் கொள்கையைப் பிடித்துக்கொள்வது. தன்மதம் அழகான சொல்தான். ஆனால் இன்றைக்கு அதை எழுதினால் வேறு வம்பு வரும். எழுத்தில் தன்துணிபு என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சில் ‘என் கணக்குல’ என்கிறோமே, அதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படத்தில் சிஹிரோ என்ற சிறுமியின் அப்பா அம்மா மாயத்தால் பன்றிகளாகிவிடுகிறார்கள். முடிவில், வரிசையாக நிற்கும் பன்றிகளில் அவர்கள் இல்லை என்று அவள் சொல்வது மூலம். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது அவரவர் கணக்கு.