லாட் மாறினால் புள்ளி ஏன் இறங்குகிறது?

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி (ஏர் ரைஃபிள்) போட்டியில் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அச்சில் வரும் முற்றுப்புள்ளி அளவு. அதை நோக்கிப் போகும் ஈயச் சிறுகுண்டான பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர், புள்ளியைப்போல் ஒன்பது மடங்கு. ஒவ்வொரு சுடலுக்கும் அதிகபட்சம் 10.9 புள்ளி. 75 நிமிடத்தில் 60 சுடல், முழு மதிப்பெண் 654. சிங்கப்பூரின் மார்டினா வெலோசோ 2018 காமன்வெல்த் விளையாட்டுகளில் தங்கம் வென்ற பிரிவு இது. பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாகத் துப்பாக்கி சுடுதலை எடுக்கும் பிள்ளைகள் பலர் தொடங்குவதும் இந்தக் காற்றுத் துப்பாக்கியில்தான்.

இந்த விளையாட்டில் பெல்லட் தட்டுப்பாடு ஒரு வினோதமான தட்டுப்பாடு. கடையில் பெல்லட் இருக்கும். உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்த பெல்லட் இருக்காது. அதே பெயர், அதே நிற டின், அதே விலை என்று வாங்கி வந்தாலும், லாட் (ஒரே தவணையில் செய்த தொகுதி) வேறாக இருந்தால் 60 சுடலில் நான்கைந்து புள்ளி காணாமல் போயிருக்கும். பிள்ளையின் கவனம் சிதறுகிறது என்று பயிற்றுநர் நினைப்பார். சிதறுவது பெல்லட்டாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்பவர்களுக்கு இந்தத் தலைவலி இன்னும் பெரிது. குண்டு கிடைக்காமல் வேறு குண்டுக்கு மாறினால், எடை ஒன்றாக இருந்தாலும் வெடிமருந்தின் அளவைக் கீழிருந்து மறுபடி பார்த்து வர வேண்டும். குண்டின் நீளம் மாறினால் தோட்டாக் கூட்டுக்குள் மிஞ்சும் இடம் மாறும், அழுத்தமும் மாறும். அங்கே தவறினால் துப்பாக்கியே வெடிக்கலாம். நம் கதையில் மருந்தும் இல்லை, கூடும் இல்லை. அடைத்த காற்றும் அரை கிராம் ஈயமும்தான். தவறினால் புள்ளி மட்டும் போகும்.

பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, விரிந்த பாவாடை. தலை தட்டையாக இருப்பது அட்டையில் துளையைப் பிசிறில்லாமல் வெட்டுவதற்காக. குழலின் உட்சுருளில் தவழ்ந்து பெல்லட்டை நேராகப் பிடித்துக்கொள்வதும் இந்தத் தலைதான். பாவாடையின் வேலை வேறு. பின்னாலிருந்து வரும் காற்று மெல்லிய ஈயத்தை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும், காற்று கசியாது. வெளியே வந்த பிறகு, எடை முன்னாலும் இழுவை பின்னாலும் இருப்பதால் பூப்பந்துபோல் மூக்கை நேரே வைத்துக்கொண்டு பறக்கும். குழல் ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றுக் கொடுப்பதால் வினாடிக்குச் சுமார் 380 முறை சுழலவும் செய்யும்.

தலையின் அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று டின்னில் ஒட்டியிருப்பது இதனால்தான். நூறில் ஒரு மில்லிமீட்டர் அலங்காரத்துக்குப் போட்டதல்ல. தலை சிறுத்தால் குழலுக்குள் பெல்லட் லேசாகச் சாய்ந்து போகும்; சாய்ந்தபடி சுழன்றால் வெளியே வந்ததும் தள்ளாடும். பெருத்தால் உள்ளே தள்ளும்போதே நசுங்கும்.

தொழிற்சாலையில் ஈயக் கம்பியைத் துண்டுபோட்டு அச்சில் அழுத்துகிறார்கள். அச்சு தேயும். தேய்ந்தால் மாற்றுவார்கள். ஜெர்மனியின் ஆர்டபிள்யூஎஸ், ஹெச்&என், செக் நாட்டின் ஜேஎஸ்பி என்று யார் செய்தாலும் இதே கதைதான். ஆகவே ‘லாட்’ என்பது ஒரு குறிப்பிட்ட அச்சின் ஒரு குறிப்பிட்ட காலம். பிராண்ட் பெயரைத் துரத்துபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். டின்னின் அடியில் இருக்கும் எண்தான் உண்மையான பெயர். மேலே இருப்பது குடும்பப் பெயர்.

இனி எடை. பெல்லட் தட்டுப்பாடு என்றதும் பலர் செய்யும் முதல் காரியம் தராசு வாங்குவது. கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு வாங்கலாம். ரைஃபிள் பெல்லட் 0.53 கிராம், வேகம் வினாடிக்கு 170 மீட்டர் என்று வைப்போம். 10 மீட்டரைக் கடக்க 0.06 வினாடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் புவியீர்ப்பு அதை 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். துப்பாக்கி கொடுக்கும் ஆற்றல் மாறாது என்று கொண்டால், எடை 1 விழுக்காடு கூடும்போது இறக்கமும் 1 விழுக்காடு கூடும், அதாவது 0.17 மி.மீ. குறியில் ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் பத்தில் ஒரு புள்ளி. ஆக 5 மில்லிகிராம் வித்தியாசம் 0.1 புள்ளியைக்கூட முழுதாகத் தின்னாது. நல்ல டின்னில் வித்தியாசம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 0.01 கிராம் மட்டும் காட்டும் மலிவுத் தராசு இதற்கு உதவாது; அதன் ஒரு படியே கிட்டத்தட்ட 2 விழுக்காடு. வாங்குவதானால் 0.001 கிராம் காட்டுவதை வாங்கி, மூடியைப் போட்டு, ஏர்கான் காற்று படாத மூலையில் வையுங்கள்.

தராசைவிட ஒரு கண்ணாடித் துண்டு அதிகம் சொல்லும். இரண்டடி நீளக் கண்ணாடியை மேசைமேல் வைத்து, ஒரு முனைக்கடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் புத்தகம் கொடுங்கள். மேல் முனையில் பெல்லட்டைப் படுக்கவைத்து விரலை எடுங்கள். தலையைவிடப் பாவாடை அகலம் என்பதால் அது நேராக உருளாது. வளைந்து போய்க் கீழே ஓர் இடத்தில் நிற்கும். அடுத்ததை உருட்டுங்கள், அடுத்ததை உருட்டுங்கள். பெரும்பாலானவை ஒரே மூலையில் சேரும். வேறு பாதையில் போனவற்றில் தலைக்கும் பாவாடைக்கும் உள்ள விகிதம் மாறியிருக்கிறது. துள்ளித் துள்ளிப் போனவற்றின் பாவாடை நசுங்கியிருக்கிறது. கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வந்த டின்களில் இவை அதிகம். டின்னை உள்ளங்கையில் கவிழ்க்காமல் மெத்தென்ற துணியில் மெதுவாகச் சரிப்பது இதற்காகத்தான். கழித்தவற்றை எறிய வேண்டாம், பயிற்சிப் பெட்டிக்குப் போகட்டும். பாவாடையைக் கூரான கம்பியால் நிமிர்த்திப் போட்டிக்குப் பயன்படுத்தும் கைவேலை மட்டும் வேண்டாம். நிமிர்ந்தது போலிருக்கும், வட்டமாக இருக்காது.

புது லாட்டைச் சோதிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒன்று, விழும் இடம் மாறுவது. மற்றது, சிதறுவது. ரைஃபிள் பெல்லட் கிடைக்காமல் 0.45 கிராம் பிஸ்டல் பெல்லட்டைப் போட்டால் வேகம் கூடி, 2.5 மி.மீ.க்கு மேல் உயரத்தில் போய் விழும். ஒரு முழு வளையம்! ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. குறிபார்க்கும் கருவியின் திருகைச் சில கிளிக் திருப்பினால் தீர்ந்தது. சிதறலுக்கோ எந்தத் திருகும் கிடையாது. அதனால் புது பெல்லட் எங்கே விழுகிறது என்பதைப் பார்க்காதீர்கள், எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதைப் பாருங்கள்.

தோளில் வைத்துச் சோதித்தால் உங்களைத்தான் சோதிப்பீர்கள். துப்பாக்கியின் உலோகப் பகுதியைப் பிடிகருவியில் அசையாமல் மாட்ட வேண்டும். இங்கே காற்றுத் துப்பாக்கியும் உரிமம் தேவைப்படும் ஆயுதம். கிளப்பின் ஆயுத அறையைவிட்டு வீட்டுக்கு வராது. எனவே சோதனையும் கிளப்பில், பொறுப்பாளர் முன்னிலையில்தான். முதலில் கம்பளிப் பெல்லட்டால் குழலைச் சுத்தம் செய்யுங்கள். புது லாட்டில் 20 பெல்லட்டைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள். முந்தைய பெல்லட் விட்டுப்போன ஈயமும் எண்ணெயும் போய், புதியது குழலில் படியட்டும். பிறகு பத்துப் பத்தாக ஐந்து குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைத் தொகுப்பு).

துளைகளின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்து 4.5 மி.மீ. கழித்தால் உண்மையான சிதறல் கிடைக்கும். வெளி அளவு 7 மி.மீ. என்றால் சிதறல் 2.5. நடுவிலிருந்து 1.25 மி.மீ. விலகல், அதாவது நீங்கள் எந்தத் தவறும் செய்யாதபோதும் பெல்லட் உங்களை 10.5 வரை இறக்கிவிடும். 6.5க்குக் கீழே வந்தால் அந்த லாட்டைப் போட்டிக்கு ஒதுக்கலாம். 8ஐத் தாண்டினால் பயிற்சிக்கு.

ஐந்து சுடல் குரூப் ஒன்றை வைத்து முடிவெடுப்பது இங்கே நடக்கும் பெரிய தவறு. ஒரே லாட் ஒருமுறை 6 மி.மீ.யும் மறுமுறை 7 மி.மீ.யும் காட்டுவது சர்வ சாதாரணம். பத்து லாட்டுக்கு ஒவ்வொரு குரூப் சுட்டு ‘சிறந்ததை’ எடுத்தால், அன்றைக்கு அதிர்ஷ்டம் அடித்த டின்னைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். பெல்லட் குறைவாக இருந்தால் எல்லா லாட்டுக்கும் 20 சுடல் கொடுத்து மோசமானவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சும் இரண்டுக்கு மட்டும் 50 செலவழியுங்கள்.

கையிருப்பை நீட்டிப்பதில் மிகப் பெரிய மிச்சம் சோதனையில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. வாரம் மூன்று நாள், நாளுக்கு 80 என்றால் 500 பெல்லட் டின் இரண்டு வாரம் வரும். 12 பேர் கொண்ட பள்ளிக் குழு வாரத்துக்கு 2,880 சுடும், கிட்டத்தட்ட ஆறு டின். அதில் பாதியைப் பெல்லட் இல்லாத வெறும் சுடலாக மாற்றினால் மூன்று டின் போதும். போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே ஒரு விசை உண்டு; காற்று வெளியேறாமல் விசைவில் மட்டும் விடுபடும். மூச்சு, நிலை, விரலழுத்தம் எல்லாம் அப்படியே பழகும். ஸ்பிரிங் துப்பாக்கியில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை இருக்காது. நேரே போய் முன்சுவரில் மோதிக் காற்றடைப்பு வளையத்தைக் கெடுத்துவிடும்.

மீதிப் பயிற்சிக்கு அதே தலை அளவுள்ள மலிவு பெல்லட் போதும். மாற்றும்போது திருகை எத்தனை கிளிக், எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று டின் மூடியிலேயே எழுதிவைப்பது நல்லது. போட்டியன்று காலையில் பழைய டின்னுக்குத் திரும்பும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

ஈயத்துக்கு மாற்றாகத் தகர (வெள்ளீய) பெல்லட் பேசப்படுகிறது. ஐரோப்பாவில் ஈயத் தோட்டாக்களுக்குக் கட்டுப்பாடு வரலாம் என்பதால் பேச்சு கூடியிருக்கிறது. தகரம் ஈயத்தைவிட மூன்றில் ஒரு பங்கு லேசு. அதே வடிவில் செய்தால் 0.34 கிராம்தான் வரும். கடினமும் அதிகம் என்பதால் பாவாடை ஈயம்போல் விரிந்து ஒட்டாது. பயிற்சிக்குச் சரி, பத்தில் ஒரு புள்ளிக்கு மல்லுக்கட்டும் இடத்துக்கு இன்னும் வரவில்லை என்பதே எங்கள் கணிப்பு.

சேர்த்து வாங்கி வைப்பவர்கள் நம் ஊர் ஈரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஈயத்தில் முதலில் மங்கல் ஏறும், பிறகு வெள்ளைப் பொடி பூக்கும். மர அலமாரி இன்னும் மோசம். மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள். கேமராவுக்கு வாங்கிய ஈரநீக்கிப் பெட்டியில் இடமிருந்தால் இன்னும் நல்லது. புதிதாக எண்ணெய் தடவாதீர்கள், தொழிற்சாலையில் பூசியதைக் கழுவவும் செய்யாதீர்கள். வெள்ளை பூத்த டின்னைப் போட்டிக்கு எடுக்காதீர்கள். அந்தப் பொடியே நஞ்சு; ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் ஒற்றி, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெல்லட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்ததை நிரப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை இன்றே விடுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கோப்பிக் கடைக்குப் போக வேண்டும்.