கொட்டுக்கு அசையாதவர் வேட்டுக்கு ஏன் விழுகிறார்?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் பட்டாளத்துக்காரர், எல்லையில் ஷெல் விழுந்த இடத்தில் இருந்தவர். சித்திரைத் திருவிழாவில் கொட்டுச் சத்தம் காதைக் கிழித்தாலும் சும்மா நிற்கிறார். அதிர்வேட்டு ஒன்று வெடித்தால் குப்புற விழுந்துவிடுகிறார். "நடிப்பு என்கிறார்கள் கொழுந்தன்மார். மாமியார் தாயத்து கட்டச் சொல்கிறார். எது சரி?"

இரண்டும் இல்லை. காது, செவி நரம்பு எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. சத்தம் மூளையின் மேல்தளத்துக்குப் போய், 'ஓ, வேட்டு' என்று புரிவதற்கு முன்பே, மூளைத்தண்டிலிருந்து ஒரு குறுக்குப்பாதை தண்டுவடத்துக்கு ஆணையிட்டுவிடும். இடையில் இரண்டு மூன்று நரம்புகள் கைமாறினால் போதும். 40 மில்லிநொடி வாக்கில் இமை மூடத் தொடங்கும். சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்கச் சொன்னால் நமக்கு 150 மில்லிநொடியாவது ஆகும். அந்த முதல் துள்ளலில் நடிக்க நேரம் ஏது? குப்புற விழுவது அதன் பின்னால் வருவது. உயிர் பிழைக்கப் பழகிய பழக்கம்.

இந்தப் பாதை சத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு திடீரென்று வருகிறது என்றும் பார்க்கும். கொட்டு தாளத்தோடு வரும், நாலு அடியில் நரம்புக்குப் பழகிவிடும். வேட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை. எவர்சில்வர் டம்ளர் கீழே விழுவதும் அப்படித்தான்.

இது நம் எல்லோருக்கும் உண்டு. மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி அதன் வால்யூமைக் கூட்டும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி குறைக்கும். போர்முனையில் நாள்கணக்கில் உயிர்ப்பயத்தோடு இருந்தவருக்குக் கூட்டிய வால்யூம் இறங்காமல் நின்றுவிடலாம். பழைய பயம் அழிவதும் இல்லை. அதன்மேல் 'இங்கே ஆபத்தில்லை' என்று புதுப் பாடம் படிக்க வேண்டும். அந்தப் பாடமோ படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிகிச்சை அறையில் அமைதியாக இருப்பவர் வைகைக் கரையில் விழுவது அதனால்தான்.

நடிப்பு என்ற பேச்சு பழையது. முதல் உலகப் போரில் ஓடிப்போனான், கோழை என்றெல்லாம் குற்றம் சாட்டி பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற சொந்த வீரர்களில் 306 பேருக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006இல்தான். தாயத்து கட்டட்டும், மாமியார் மனசுக்காக. அதோடு நிறுத்தினால்தான் கேடு. 14416க்கு அழைத்தால் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நம் பட்டாளத்துக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "தூங்கும்போது தொட்டு எழுப்ப மாட்டேன். வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டுவேன்." மெல்ல ஏறும் ஒலி அந்தக் குறுக்குப்பாதையை எழுப்பாது என்பதை ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்.