புராஸ்டேட்: முன்னிற்கும் சுரப்பி

அறுபதைத் தொட்ட ஆண் இருக்கும் வீட்டுக்குள் இந்தச் சொல் பெரும்பாலும் ஸ்கேன் அறிக்கை வழியாகத்தான் நுழைகிறது. வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் நார்மல் என்று வந்து, கடைசி வரியில் 'புராஸ்டோமெகலி, கிரேடு 2' என்றிருக்கும். மகன் இணையத்தில் தேடுவான். மனைவி பயந்துபோவார். அவர் மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். புராஸ்டோமெகலி என்றால் அந்தச் சுரப்பி பெருத்திருக்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அந்த வரியைப் பார்த்துப் புற்றுநோய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இந்தச் சுரப்பியைப் பற்றி நம் ஆண்கள் பேசுவதில்லை. வெட்கம் ஒரு காரணம். வாயில் வைத்துப் பேசத் தோதான சொல் கையில் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "அது வந்து டாக்டர்... கீழ..." என்று தொடங்கி அதோடு நின்றுவிடும் பேச்சு எத்தனையோ. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எது இந்த உறுப்பு

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. இளம் வயதில் பெரிய நெல்லிக்காய் அளவு, ஏறத்தாழ 20 கிராம் எடை. விந்துத் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது இதன் வேலை. விந்தணு உருவாவது இங்கே அல்ல, விந்தகத்தில். வெளியேறிய விந்து முதலில் கெட்டியாக இருக்கும். அதை நீர்க்கச் செய்யும் புரதம் ஒன்றையும் இந்தச் சுரப்பிதான் தருகிறது. இரத்தப் பரிசோதனையில் 'பிஎஸ்ஏ' என்று வருவது அந்தப் புரதத்தின் அளவுதான்.

சிறுநீர்ப்பையிலிருந்து வரும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்து வெளியேறுகிறது. தொல்லை எல்லாம் அதனால்தான். வயது ஏற ஏற, குழாயை ஒட்டியுள்ள உட்பகுதி மெல்லப் பெருக்கிறது. அறுபது வயதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்தப் பெருக்கம் இருக்கும். எல்லாருக்கும் அது தொந்தரவு தருவதில்லை. தந்தால், குழாய் நெரிபட்டு நீர் பிரிவது சிரமமாகும்.

புற்றுநோய் பெரும்பாலும் வேறு இடத்தில் தொடங்குகிறது. சுரப்பியின் வெளி ஓரத்தில், மலக்குடல் பக்கமாக. அங்கே நெரிபடக் குழாய் இல்லாததால் நெடுநாள் எந்த அறிகுறியும் காட்டாது. "நீர் நல்லாத்தான் போகுது, எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்ற கேள்வி பொருந்தாமல் போவது இதனால்தான். நீர் தடைபட்டதுமே புற்றுநோய் என்று உறக்கம் கெட வேண்டியதில்லை என்பதற்கும் இதே அமைப்புதான் காரணம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிப் பயமும் பாதி அலட்சியமும் போய்விடும்.

சொல் வந்த வழி

மூலம் கிரேக்கம். 'புரோ' என்றால் முன்னால். 'ஸ்டா' நிற்பதைக் குறிக்கும் வேர். 'புரொஸ்டாட்டேஸ்' என்றால் முன்னால் நிற்பவர், அதிலிருந்து தலைவர், காப்பாளர். பழைய ஏதென்ஸில் குடியேறி வாழ்ந்த வெளியூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் ஊர்க்குடிமகன் ஒருவர் புரொஸ்டாட்டேஸாக இருக்க வேண்டும் என்பது விதி. கல்யாணத்தை முன்னின்று நடத்தினார் என்று நாம் ஒருவரைச் சொல்வோமே, அந்த 'முன்னின்று' இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு மிக அருகில் வருகிறது.

உறுப்புக்கு இந்தப் பெயர் ஒட்டிய கதையில் சில குளறுபடிகள் உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்து ஆராய்ந்த ஹெரோஃபிலஸ், விந்து வரும் பாதையில் உள்ள உறுப்புகளைப் 'பராஸ்டாட்டாய்', அதாவது பக்கத்தில் நிற்பவை, என்று அழைத்தார். நாம் இன்று புராஸ்டேட் என்று சொல்லும் சுரப்பியை வெனிஸ் மருத்துவர் நிக்கோலோ மாசா 1536-இல் விவரித்தார். 1538-இல் உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் அதைப் படமாக வரைந்தார். இருவரும் இந்தப் பெயரைச் சூட்டவில்லை. 1600-இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே து லொராங்ஸ் பழைய கிரேக்கச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு, லத்தீனில் 'புரொஸ்டாட்டே' என்று பன்மையில் எழுதினார். அது இரட்டைச் சுரப்பி என்பது அக்கால எண்ணம். ஒன்றுதான் என்று தெளிவாக 1800-ஐ ஒட்டிய காலம் ஆயிற்று.

இன்னொரு பிழை இன்றுவரை திருந்தவில்லை. கிரேக்கத்தில் ஆண்பாலாக இருந்த சொல்லை அவர் லத்தீனில் பெண்பாலாக்கிவிட்டார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அந்த உறுப்பின் பெயர் இன்றும் பெண்பால்தான்.

'முன்னால்' என்றால் எதற்கு முன்னால் என்ற கேள்வி வரும். நிற்கும் மனிதனில் பார்த்தால் இது சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் இருக்கிறது. கீழிருந்து சிறுநீர்ப்பையை நோக்கிப் போனால் முதலில் எதிர்ப்படுவது இதுதான். சிறுநீர்ப்பையின் வாசலில் நிற்பது என்று எடுத்துக்கொண்டால் பெயர் சரியாகப் பொருந்தும்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ப்ராஸ்ட்ரேட்' என்று இடையில் ஒரு 'ர்' சேர்த்துச் சொல்பவர்கள் படித்தவர்களிலும் நிறைய. ஆங்கிலத்தில் அது வேறு சொல், குப்புற விழுந்து கிடப்பதைக் குறிப்பது. புராஸ்டேட், புரோஸ்டேட் இரண்டில் எதை எழுதினாலும் குற்றமில்லை.

தமிழில் என்ன சொல்வது

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'புராஸ்டேட் சுரப்பி' என்றே எழுதுகின்றன. வேறு இடங்களில் விந்துச் சுரப்பி, சுக்கிலச் சுரப்பி, ஆண்மைச் சுரப்பி, முன்னிற்கும் சுரப்பி என்று பல பெயர்கள் கண்ணில் படும். எல்லாம் ஒரே தரமல்ல.

'விந்துச் சுரப்பி' குழப்பும். படிப்பவர் விந்தகத்தைத்தான் நினைப்பார். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் அப்படி ஒரு குழப்பம் வந்தால் எப்படி இருக்கும்! சுக்கிலம் என்பதும் விந்துக்கான வடசொல்தான், ஆகவே அதற்கும் இதே கதி.

'ஆண்மைச் சுரப்பி' வேண்டவே வேண்டாம் என்பேன். இந்தியிலும் ஆண்மையைக் குறிக்கும் 'பௌருஷ' என்பதை வைத்துப் பௌருஷ கிரந்தி என்கிறார்கள். கேட்க எடுப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் சுரப்பியில் கோளாறு என்று கேட்டதும், ஆண்மையே போயிற்று என்று ஒருவர் நினைத்துவிடுவார். அப்புறம் எப்படி மருத்துவரிடம் வருவார்? ஏற்கனவே வாய் திறக்காதவரின் வாயை இந்தச் சொல் இன்னும் இறுக்கி மூடிவிடும்.

'முன்னிற்கும் சுரப்பி' கிரேக்கப் பொருளைச் சிதைக்காமல் தருகிறது. ஜெர்மானியரும் தங்கள் மொழியில் முன்நிற்பவர் சுரப்பி என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உறுப்பு இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது, யாரையும் கூச வைப்பதில்லை. எழுத்தில் இதுவே என் தேர்வு. பேச்சில் புராஸ்டேட் என்பது ஊர் முழுக்கப் பரவிவிட்டது, அதை விரட்ட வேண்டிய அவசியமில்லை. முதல் தடவை இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் போதும்.

நம் மருத்துவ மரபில் இந்தத் தொல்லைக்குச் சொல்லே இல்லை என்று எண்ண வேண்டாம். சித்த மருத்துவத்தில் நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என்ற பெயர்கள் உண்டு. கல்லால் அடைப்பது கல்லடைப்பு, சதை வளர்ந்து அடைப்பது சதையடைப்பு. புராஸ்டேட் என்ற பெயர் கேள்விப்படாத பெரியவரிடம் "சதை வளர்ந்து நீர்ப்பாதையை அடைக்குது ஐயா" என்றால் உடனே பிடித்துக்கொள்வார்.

சொல்ல வைப்பது

மருத்துவரின் அறையில் முதலில் பேசுவது பெரும்பாலும் மனைவிதான். "ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கார் டாக்டர். லைட்டப் போடறதும் அணைக்கறதுமா எனக்கும் தூக்கமில்ல." கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியூர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் கழிவறை எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடுவது, இதையெல்லாம் அவர் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் சமாளித்து வந்திருப்பார்.

இந்த மௌனத்தை உடைக்க உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. 'ஐபிஎஸ்எஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். கடந்த ஒரு மாதத்தை மனதில் வைத்துச் சொல்ல வேண்டிய ஏழு கேள்விகள். நம் பேச்சில் கேட்டால் இப்படி வரும்: போய் முடிச்ச பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கின மாதிரி இருக்கா? போய்ட்டு வந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள மறுபடி போகணுமா? நின்னு நின்னு வருதா? வந்தா அடக்க முடியலையா? வேகம் குறைஞ்சிருக்கா? ஆரம்பிக்க முக்கணுமா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 7 வரை லேசான தொந்தரவு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை.

எட்டாவது கேள்வியின் மதிப்பெண் இந்தக் கூட்டலில் சேராது. 'வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?' என்பது அது. முந்தைய ஏழுக்கும் "பரவாயில்ல" என்று சொல்லிவந்த மனிதர் இங்கே வந்ததும் கொஞ்சம் நின்றுவிடுவார். ஆண்கள் நலம் பற்றி யார் கூட்டம் போட்டாலும், பேச்சாளரைக் கூப்பிடுவதற்கு முன் இந்த எட்டுக் கேள்விகளைத் தெளிவான தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்கலாம். வாயால் சொல்லக் கூசுபவர் டிக் அடித்துக் கொடுத்துவிடுவார்.

இந்த நோயைப் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்ததில் 'மூவம்பர்' இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கில் 'மோ' என்றால் மீசை. அதோடு நவம்பரைச் சேர்த்து உருவாக்கிய பெயர். 2003-இல் மெல்போர்னில் 30 ஆண்கள் மீசை வளர்த்துத் தொடங்கியது, பின்னர் முன்னிற்கும் சுரப்பிப் புற்று, விந்தகப் புற்று, ஆண்களின் மனநலம், தற்கொலைத் தடுப்பு என்று விரிந்து பல நாடுகளில் பரவியது. முகத்தில் மீசையைப் பார்த்தவர் ஏன் என்று கேட்பார், கேட்டவரிடம் நோயைப் பற்றிப் பேசலாம். மீசை மேல் இவ்வளவு பற்றுள்ள நம் ஊரில் இது எளிதாக வேர்விடும்.

பிஎஸ்ஏ என்னும் எண்

விழிப்புணர்வு என்றால் எல்லாரும் உடனே பிஎஸ்ஏ டெஸ்ட் எடுங்கள் என்பதல்ல. அமெரிக்காவில் இந்தப் பரிசோதனைக்கு 1986-இல் சிகிச்சையைக் கண்காணிக்கவும், 1994-இல் நோயைக் கண்டறியவும் ஒப்புதல் கிடைத்தது. பிறகு லட்சக்கணக்கானோர் எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத, மெல்ல வளரும் புற்றுகளும் நிறைய அகப்பட்டன. தேவையில்லாத சிகிச்சையால் நீரை அடக்க முடியாமலும் தாம்பத்தியம் கெட்டும் அவதிப்பட்டவர்கள் உண்டு. அங்குள்ள தடுப்பு மருத்துவக் குழு 2012-இல் இந்தப் பொதுப் பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018-இல் அதைத் திருத்தி, 55 முதல் 69 வயதுவரை உள்ளவர்கள் நன்மை தீமைகளை மருத்துவரிடம் பேசித் தாங்களே முடிவெடுக்கட்டும் என்றது. இதுதான் எனக்கும் நியாயமாகப் படுகிறது. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்று இருந்திருந்தால் இந்தப் பேச்சை 45 வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். அம்மா, அக்கா, தங்கை ஆகியோருக்கு மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சில குடும்பங்களில் இரண்டுக்கும் ஒரே மரபணுக் கோளாறு காரணமாக இருக்கும்.

எண் 4-ஐத் தாண்டினால் லேப் அறிக்கையில் தடித்த எழுத்தில் வரும். சாதாரணப் பெருக்கத்திலும், கிருமித் தொற்றிலும், நீர்க்குழாயில் டியூப் போட்ட பிறகும்கூட அது ஏறும். பெருக்கத்துக்காக ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆகவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் பார்க்கும் சோதனைக்குப் பயந்து பலர் போவதே இல்லை. அது ஒரு நிமிடம்கூட ஆகாது.

சேர்ந்து வரும் சொற்கள்

செய்தித்தாள்களில் எல்லாவற்றுக்கும் 'புராஸ்டேட் வீக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று நிலைகளையும் பிரித்துச் சொல்லலாம். வயதால் வருவது பெருக்கம். கிருமியாலோ வேறு காரணத்தாலோ வலியும் சில சமயம் காய்ச்சலுமாக வருவது அழற்சி, இது இளைஞர்களுக்கும் வரும். மூன்றாவது புற்று. பெருக்கம் முற்றிப் புற்றாவதில்லை. இரண்டும் வேறு வேறு, ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து இருக்கவும் கூடும்.

'நீர்க்கட்டு' என்ற சொல்லையும் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அடிவயிறு கல்லாகி, ஒரு சொட்டும் இறங்காமல் துடிக்கும் நிலை. விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெருக்கம் உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் சில சளி மாத்திரைகளே இதைக் கிளப்பிவிடும், அதனால் கடைக்காரரிடம் புராஸ்டேட் தொந்தரவு இருப்பதைச் சொல்லியே வாங்குங்கள். நீரில் இரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெரிய மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது என்பதிலும் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. சிறுநீரகவியல் என்பது நெஃப்ராலஜி, கிட்னி செயலிழப்பு, டயாலிசிஸ் பார்க்கும் துறை. முன்னிற்கும் சுரப்பியைப் பார்ப்பது சிறுநீரியல், அதாவது யூராலஜி. பலகைகளில் இரண்டையும் மாற்றி எழுதியிருப்பதும் உண்டு. சீட்டு வாங்கும் இடத்தில் "யூராலஜி ஓபி" என்று கேளுங்கள், சரியான இடத்துக்கு அனுப்புவார்கள்.