ட்ரிப் ஆகாத சூடு

"பிளக் கொஞ்சம் சுடுது சார். ஆனா எம்.சி.பி. ட்ரிப் ஆகலையே, அப்ப பயமில்லதானே?"

வாட்டர் ஹீட்டர் சாக்கெட்டைப் பார்க்கப் போன வீட்டில் கேட்ட கேள்வி. எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து (ட்ரிப் ஆகி) இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்.

கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். 8.5 ஆம்பியர். 230 வோல்ட்டில் 2000 வாட்ஸ் ஹீட்டர் 8.7 இழுக்கும், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு சாக்கெட்டைக் கழற்றினேன். ஃபேஸ் டெர்மினலின், அதாவது கரண்ட் வரும் வயரை முடுக்கும் இடத்தின், ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. செம்பு கருத்துப்போய், அதன் மேலிருந்த சிவப்பு இன்சுலேஷன் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பழுப்பேறி, நெருடினால் சருகு மாதிரி உதிர்ந்தது.

இத்தனை நடந்தும் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஏன் சும்மா இருந்தது? கரண்ட் எவ்வளவு போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எங்கே சுடுகிறது என்பது தெரியாது. லூஸ் கான்டாக்ட் என்பது வழியில் முளைத்த கூடுதல் ரெசிஸ்டன்ஸ். அதனால் கரண்ட் கூடுவதில்லை, துளி குறைகிறது. ஆனால் வெப்பம், கரண்ட்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் வருவது. அந்த ஸ்க்ரூவுக்கடியில் அரை ஓம் இருந்தாலே 36 வாட்ஸ். ஈயப் பற்றுவைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அதைவிடப் பெரிய ஒன்றைக் காற்றுப் புகாத சாக்கெட் பெட்டிக்குள் எரியவிட்டு மூடி வைத்தது போல. சாதாரண பி.வி.சி. இன்சுலேஷன் தொடர்ந்து தாங்குவது 70 டிகிரி. சூடேற ஏற செம்பில் ஆக்சைடு படியும், ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடு இன்னும் ஏறும்.

ஓவர்லோடுக்கும் எம்.சி.பி. உடனே விழும் என்று நினைக்க வேண்டாம். 16 என்று எழுதியிருந்தால் 17-இல் விழுந்துவிடாது. வீட்டு எம்.சி.பி.க்கான ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தரக் கணக்குப்படி 1.13 மடங்கில், அதாவது சுமார் 18 ஆம்பியரில், ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது, 1.45 மடங்கில், சுமார் 23-இல், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். உள்ளே இருக்கும் பைமெட்டல் பட்டை சூடாகி மெல்ல வளைந்துதான் கொக்கியை விடுவிக்கிறது. ஷார்ட் ஆனால் கதை வேறு. அங்கே காந்தச் சுருள் கண் இமைப்பதற்குள் இழுத்துவிடும்.

இதில் என் பொறுமையைச் சோதிக்கிறவர்கள், "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 போடுகிறவர்கள். எம்.சி.பி. காவல் காப்பது முதலில் சுவருக்குள் போகும் வயரைத்தான். 1.5 சதுர மில்லி மீட்டர் வயருக்கு 32-ஐப் போட்டால், ஃபியூஸ் வேலையை அந்த வயரே பார்க்கும். எலக்ட்ரீஷியன் ஒருவரே இதைச் செய்திருந்தால் அவரிடம் ஸ்க்ரூ டிரைவரைத் தரக் கூடாது.

கசிவைப் பிடிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்பார்கள். ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பாற்றுவது அது, அவசியம் வேண்டும். ஆனால் கரண்ட் வெளியே கசிந்தால்தான் விழும்; வீட்டில் வழக்கமாகப் போடுவது கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும். லூஸ் கான்டாக்ட்டில் கசிவே இல்லை; போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறது. ஸ்பார்க்கைக் கண்டுபிடிக்கும் ஆர்க் ஃபால்ட் கருவிகள் ஓரளவு உதவும். ஸ்பார்க் இல்லாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் இணைப்பு அவற்றுக்கும் தப்பலாம்.

மிஞ்சியிருப்பது உங்கள் கையும் மூக்கும். பெரிய லோடு அரை மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்து, பிளக்கின் உடம்பைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லையென்றால் அதோடு நிறுத்துங்கள். பொசுங்கல் வாடை, சிலவகை பிளாஸ்டிக்கில் மீன் கவிச்சி போன்ற வாடை, சாக்கெட்டுக்குள் 'கிர்' என்ற சத்தம், பிளக் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம், எது கண்ணில் பட்டாலும் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியே ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி ஓட்டாதீர்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று: பல இழை வயரின் முனையில் ஈயம் ஏற்றி ஸ்க்ரூவில் முடுக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகிக்கொடுத்து, கொஞ்ச நாளில் பிடி தளர்ந்துவிடும். வயர் முனையில் மாட்டும் சிறு உலோகக் குழாயான ஃபெரூலை அளவாகப் போட்டு நசுக்குங்கள்.

அந்த வீட்டில் கருத்த பகுதியை வெட்டியெறிந்து, செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை சீவி, புது சாக்கெட் மாட்டினேன். பிளக்கையும் மாற்றச் சொன்னபோது, "அது நல்லாத்தானே இருக்கு" என்று இழுத்தார் வீட்டுக்காரர். கருத்த பின்னைக் காட்டினேன். அது புது சாக்கெட்டையும் சுட்டுவிடும். மாற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்பு. அப்போதுதான் நினைவு வந்தவர் போலச் சொன்னார்: "ரெண்டு மூணு மாசமாவே பிளக்கை ஒரு ஆட்டு ஆட்டினாத்தான் சார் ஓடும்."