மோட்டார் வைத்த சைக்கிளுக்கு எந்த ஹெல்மெட்? சட்டம் கேட்பதும் கடையில் பார்க்க வேண்டியதும்

"லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், ஹெல்மெட்டும் வேண்டாம்" என்று சொல்லித்தான் பல மின் சைக்கிள்கள் விற்கப்படுகின்றன. சில வண்டிகளுக்கு இது சட்டப்படி சரி. சிலவற்றுக்கு அப்பட்டமான பொய். உங்கள் வண்டி சட்டத்தின் கணக்கில் சைக்கிளா, மோட்டார் வாகனமா என்பது தெரியாமல் ஹெல்மெட் வாங்கினால், காசும் போகும், அபராதமும் வரும்.

உங்கள் வண்டி எந்தப் பக்கம்?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 2(யு) பிரிவில் இதற்கு விடை இருக்கிறது. பெடல் மிதிக்கும்போது மோட்டார் துணை செய்யும் சைக்கிள் என்றால், மோட்டாரின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் கூடக்கூட மோட்டாரின் உதவி குறைந்துகொண்டே வந்து, மணிக்கு 25 கி.மீ.-இல் அறவே நிற்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்க வேண்டும். சரியான பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஆகியவையும் தேவை. இவை இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பெடல் உதவியில்லாமல் பேட்டரியில் ஓடும் சிறு வண்டிக்கும் 0.25 கிலோவாட், 25 கி.மீ. என்ற அதே எல்லைதான்.

இதைக் கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பு ஒன்று அந்த மாடலைச் சோதித்துச் சான்று தந்திருக்க வேண்டும். வாங்கும்போதே அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கணக்கு பெரும்பாலும் உச்சத் திறன். சட்டம் கேட்பது, மோட்டார் அரை மணி நேரம் விடாமல் தரக்கூடிய திறனை.

சிக்கல் பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரில், பல வண்டிகளில் வேகத்தைக் கட்டிவைப்பது ஒற்றை வயர் இணைப்புதான். அதைக் கழற்றிவிட்டால் 25-இல் நின்ற வண்டி 35, 40 என்று ஓடும். "அன்லாக்" பண்ணித் தருகிறோம் என்று கடைகளே சொல்வதுண்டு. அந்த நிமிடமே விலக்கு போய்விடுகிறது. பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுகிறீர்கள் என்றுதான் பொருள். விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழும்.

பெட்ரோல் என்ஜின் என்றால் கணக்கு வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 2(28) பிரிவுப்படி, நான்குக்குக் குறைவான சக்கரமும் 25 சி.சி.-க்கு மேற்படாத என்ஜினும் உள்ள வண்டி மோட்டார் வாகனம் அல்ல. சைக்கிளில் மாட்டுவதற்காக வரும் 49 சி.சி., 80 சி.சி. என்ஜின் கிட்கள் இந்த எல்லையைத் தாண்டியவை. அப்படிப்பட்ட வண்டியைப் பதிவு செய்யாமல் பொதுச் சாலையில் இறக்க முடியாது. எவ்வளவு நல்ல ஹெல்மெட் போட்டாலும் இந்தக் குறை தீராது.

மோட்டார் வாகனம் என்றால்

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 129 நேரடியாக வருகிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், ஓட்டுபவரும் பின்னால் உட்கார்பவரும், பொது இடத்தில் ஹெல்மெட் போட வேண்டும். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு. மீறினால் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. சம்பவ இடத்திலேயே கட்டும் இணக்கத் தொகையை மாநில அரசுகள் தனியே நிர்ணயிப்பதால், மாநிலத்துக்கு மாநிலம் அது மாறலாம்.

ஹெல்மெட் என்றால் என்ன என்பதையும் அதே பிரிவு விளக்குகிறது. பாதுகாப்புத் தரும் வடிவமும் பொருளும் இருந்தால் மட்டும் போதாது, ஸ்ட்ராப்பால் தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆக, பக்கிளை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவது சட்டத்தின் கணக்கில் ஹெல்மெட் போட்டதாகவே ஆகாது. கட்டடத் தொழிலாளர் அணியும் பிளாஸ்டிக் தொப்பி, கிரிக்கெட் ஹெல்மெட் எதுவும் இங்கே செல்லாது. சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லாது.

இருசக்கர மோட்டார் வாகன ஹெல்மெட்டுக்கான தரம் ஐ.எஸ். 4151. 2020-இல் வெளியான தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விற்பதற்காகச் சேமித்து வைப்பதும் குற்றம். அமெரிக்காவின் டாட் முத்திரை மட்டும் உள்ளதையும் இங்கே விற்க முடியாது.

முத்திரையைப் படிப்பது இப்படி: ஐ.எஸ்.ஐ. சின்னத்துக்கு மேலே ஐ.எஸ். 4151 என்று இருக்கும். கீழே சி.எம்/எல் என்று தொடங்கி ஒரு எண் இருக்கும். போலிகள் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும். சின்னம் இருக்கும், எண் இருக்காது; அல்லது எண் வேறொரு நிறுவனத்துடையதாக இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் பெற்றவரின் பெயர், எந்தப் பொருளுக்கு உரிமம், அது இன்னும் நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் வரும். பெயர் ஹெல்மெட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதே செயலியில் புகார் தரலாம். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் புகாருக்கு வலு இருக்காது.

விலக்குப் பெற்ற வண்டி என்றால்

பிரிவு 129 உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்ல அது காரணமல்ல. எதை வாங்குவது என்பதைச் சோதனை எண்களை வைத்து முடிவு செய்யலாம். ஐரோப்பியச் சைக்கிள் ஹெல்மெட் தரமான ஈ.என். 1078-இல், ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பில் ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழவைக்கிறார்கள். மோதும் வேகம் மணிக்கு சுமார் 19.5 கி.மீ. வேக மின் சைக்கிளுக்கென்று நெதர்லாந்தில் உருவான என்.டி.ஏ. 8776-இல் அது சுமார் 23 கி.மீ.

25 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு 19.5 போதுமா என்று கேட்கத் தோன்றும். இந்த எண் தலை தரையில் நேராக மோதும் வேகம். சாலையில் சறுக்கி விழும்போது தலை எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதே அதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வண்டியின் வேகம் முழுவதும் அதில் சேராது. சுவரிலோ எதிரே வரும் வண்டியிலோ மோதினால் கதை வேறு. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: 25-இலிருந்து 45-க்குப் போனால் மூன்று மடங்குக்கும் மேல். அதனால் தெருவுக்குள்ளும் சைக்கிள் பாதையிலும் மிதித்து ஓட்டுபவருக்கு ஈ.என். 1078 போதும், காற்றோட்டம் இருப்பதால் கழற்றி ஹேண்டிலில் மாட்டத் தோன்றாது. பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையில் தினமும் போகிறவர் ஐ.எஸ். 4151 ஹெல்மெட்டையே வாங்குவது நல்லது. வியர்க்கத்தான் செய்யும்.

அளவு

புருவத்துக்கு மேலே இரண்டு விரல் விட்டு, தலையின் பின்புறம் புடைத்த இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். ஹெல்மெட்டில் 580, 600 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் சில வாரத்தில் அமுங்கித் தளரும். நெற்றியில் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால் அளவு சரியாக இருந்தாலும் வடிவம் உங்கள் தலைக்கானதல்ல.

ஸ்ட்ராப்பை மாட்டி, தாடைக்கடியில் ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்குங்கள். பிறகு பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தூக்கிப் பாருங்கள். கழன்று முகத்தில் விழுந்தால் வாங்காதீர்கள். கழுத்தோடு தலையும் சேர்ந்து அசைந்தால் சரி.

உள்ளே வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்குதான் அடியை வாங்கி நசுங்குவது. அழுத்தமாக விழுந்த ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் கீறல்கூடத் தெரியாமல் இந்த அடுக்கு நசுங்கியிருக்கலாம். நசுங்கியது மீண்டும் எழாது, மாற்ற வேண்டியதுதான். பெட்ரோல், தின்னர் பட்டால் இந்த அடுக்கு கரையும். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

குழந்தைகள்

பதிவு பெற்ற இருசக்கர வண்டியில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றிப் போக மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் சேர்க்கப்பட்ட விதி 138(7) பொருந்தும். குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பெல்ட் கட்ட வேண்டும், தலைக்குப் பொருந்தும் தனி ஹெல்மெட் போட வேண்டும், வேகம் 40 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. சைக்கிள் ஹெல்மெட்டைச் சட்டம் ஏற்பது இந்த வயதுக்கு மட்டும்தான், அதுவும் ஈ.என். 1078, ஈ.என். 1080 போன்ற தரங்களுக்கு உட்பட்டிருந்தால். பெரியவரின் ஹெல்மெட்டுக்குள் துணி வைத்துக் குழந்தைக்குப் போடுவது இந்த விதியை நிறைவு செய்யாது.